செவ்வாயிலிருந்து வந்த கல்லும் மகேஸ்வரியின் தோடும்

இன்று காலை குருவிட்டவிலிருந்து இரத்தினபுரிக்கு வந்த பஸ்ஸில் ஒருவன் செவ்வாய்க் கிரகத்துக் கல் விற்றான்.

என் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மகேஸ்வரி இருந்தாள். செவ்வாய் தோஷம் என்று அவள் மகளுக்கு வந்த சம்பந்தங்கள் முறிந்துகொண்டே போகின்றன. அதை அவனிடமும் சொல்லிவிட்டாள்.

"தோஷம் குடுக்கிற கிரகத்தோட கல்லும்மா இது. புள்ள கழுத்துல கட்டுங்க, ஓடிரும். காசு இல்லாட்டி தோட்டைக் குடுங்க," என்றான் அவன்.

மகேஸ்வரி காதைத் தொட்டாள்.

நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அது தவறு. இரத்தினக்கல் வியாபாரம் நடக்கும் எங்கள் ஊரில் கல்லை உற்றுப் பார்ப்பவர் விலைக்குக் கேட்கிறார் என்று அர்த்தம். பின் இருக்கையிலிருந்த கல் வியாபார முதலாளி ஒருவர் உடனே எட்டிப் பார்த்து, "மேடம் எவ்வளவுக்குக் கேக்குறீங்க?" என்றார்.

"வானத்துலருந்து விழுற கல்லு காத்துல எரிஞ்சு, மேல கறுப்புத் தோலோட வரும். இது வீடு கட்டுற கபொக் கல்லு. செவப்பெல்லாம் இரும்புத் துரு," என்றேன்.

"செவ்வாயும் துருவுலதானே மேடம் செவப்பு?" என்றான் அவன்.

அது சரிதான். அதனால்தான் அவன்மேல் சந்தேகம் இன்னும் கூடியது. படித்துவிட்டு ஏமாற்றுகிறவன்.

தோடு இப்போதைக்குக் காதில் இருக்கிறது. ஆனால் இறங்கும்போது மகேஸ்வரி அவனிடம் போன் நம்பர் வாங்கியிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

செவ்வாயின் கற்கள் பூமியில் விழுவது உண்மை. அவை ஏன் கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடாகப் பார்த்து விழுகின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.