நாலாவது அழைப்பு

சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில், முன்பின் தெரியாத ஒருவரின் பெயரை என் அக்கா மைக்கில் நாலாவது தடவை கூப்பிட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. விதிப்படி மூன்று தடவைதான் கூப்பிட வேண்டும்.

அறுபதுகளில் அக்கா அங்கே அறிவிப்பாளர். பூனா, நாக்பூர், மெட்ராஸ் என்று உள்நாட்டு விமானங்கள் கிளம்பும் பக்கம் அவளுக்கு வேலை. மாதுங்காவில் எங்கள் கட்டடத்துப் பெண்கள் எல்லாம் டைப்படிக்கப் போனபோது இவள் மட்டும் மொடமொடப்பான புடவையில் விமான நிலையத்துக்கு பஸ் ஏறுவாள். சாப்பிடக் கூப்பிடுவதைக்கூட விமான அறிவிப்பு மாதிரி சொல்கிறாள் என்று நான் கேலி செய்வேன். அம்மா சிரிப்பாள்.

அந்த அம்மா மெட்ராஸுக்கு, அண்ணா வீட்டுக்குப் போன இடத்தில் படுத்துவிட்டாள். உடனே வரச்சொல்லித் தந்தி வந்தது. ரயிலில் போனால் மறுநாள்தான் போய்ச் சேரலாம். அக்காவுக்கு ஊழியர் பாஸ் உண்டு, ஆனால் சீட் காலியாக இருந்தால்தான் அதில் ஏற்றுவார்கள். அன்று காலை விமானத்தில் எல்லா சீட்டும் நிரம்பியிருந்தது. பரேக் என்ற ஒருவர் மட்டும் வரவில்லை. மூன்று அழைப்புக்கும் அவர் வராவிட்டால் அந்த இடம் அக்காவுக்கு. அந்த விமானத்தோடு அவளுடைய ஷிப்டும் முடிகிறது. கடைசி அழைப்பைச் சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏற வேண்டியதுதான். அவள் பையை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

மூன்று தடவை கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. ஒரு கணம் மைக்கையே பார்த்தாள். பிறகு அதே பெயரை நிதானமாக, கூடமெல்லாம் கேட்கும்படி, இன்னொரு தடவை கூப்பிட்டாள். கான்டீன் பக்கமிருந்து ஒருவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தார். விமானம் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

நாங்கள் ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வரை அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அண்ணா சொன்னான். அந்த விமானத்தில் ஏறியிருந்தால் அன்று மத்தியானமே அக்கா அங்கே இருந்திருப்பாள்.

பதின்மூன்றாம் நாள் வரை பொறுத்திருந்து, ஏன் அப்படிச் செய்தாய் என்று அவளைக் கேட்டேன்.

"மூணு தடவையும் அவர் வரப்படாதுன்னு வேண்டிண்டே கூப்பிட்டேன்டி. குரலே எழும்பலை. அது கூப்பிட்டதா ஆகுமா?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்கில் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அதற்கப்புறம் வீட்டில் யாரையும் உரக்கக் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் வந்து தோளைத் தொடுவாள், அவ்வளவுதான்.

அக்கா போய் நாலு வருஷமாகிறது. போன மாதம் மெட்ராஸ் போவதற்காக அதே ஊர் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது மைக்கில் யாரையும் அழைப்பதில்லை. ஒரு சின்னப் பெண் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வராத ஒருவரின் பெயரை அவசர அவசரமாக மூன்று தடவை சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள். என்ன தோன்றியதோ, முழங்கால் வலியோடு எழுந்து நின்று, அந்தப் பெயரை என்னால் முடிந்த மட்டும் உரக்கக் கூப்பிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கொஞ்ச நேரம் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.