கண்டக்டர் ராஜாங்கத்தின் ஈறுகள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூருக்கு மலையேறும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் ராஜாங்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தத் தடத்தில் போய்வந்த யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி முதலில் சொல்வது, மனுஷன் வாய் ஓயாது என்பதைத்தான். பஸ் அடிவாரம் போய்ச் சேருவதற்குள் யார் வீட்டில் கல்யாணம், யார் மாடு கன்று போட்டது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் கடைசி சீட் வரைக்கும் தெரிந்துவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். மனைவி செவ்வந்தி சோற்றைப் போட்டுவிட்டு 'ம்' கொட்டிக்கொண்டே கேட்பாள்.

அவருக்கு ஜனங்கள் மீது ஒரு கோபம் இருந்தது. டிக்கெட் கேட்டுக் குனிந்தால் பாதிப் பேர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கண்டக்டருக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். ஆள் டிக்கெட் எடுக்காமல் நழுவப் பார்க்கிறான். அதனால் எவன் முகத்தைத் திருப்புகிறானோ அவன் மேலேயே சாய்ந்து, "இன்னாய்யா, டிக்கெட்டு வாங்கிகினு குந்துனியா, இல்ல மலைய வேடிக்க பாக்க வந்தியா?" என்று அதட்டுவார். ஆள் இன்னும் திரும்புவான். இவர் இன்னும் நெருங்குவார். இப்படியே பல வருஷம் ஓடியது.

ஒரு பலாப்பழக் காலத்தில்தான் அது முடிவுக்கு வந்தது. மலையில் பழம் இறக்கி, கள்ளக்குறிச்சியில் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள் பொன்னாயி. முன்பே டிக்கெட் வாங்கிவிட்டவள். அவளும் முகத்தைத் திருப்பவே, ராஜாங்கம் இரண்டாம் முறையாகக் குனிந்து டிக்கெட் கேட்டார். பொன்னாயி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"டிக்கெட்டு இந்தா இருக்குது. கொஞ்சம் தள்ளி நின்னு பேசு கண்டக்டரே. உன் வாயி நாறுது. அதுக்குத்தான் சனம் மூஞ்சத் திருப்புது."

சட்டை கிழிந்திருப்பதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். அதில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. பஸ்ஸில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ராஜாங்கம் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். எல்லோருக்கும் இது பழைய சமாசாரம், தனக்கு மட்டும்தான் புதுசு என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அன்றோடு வாயை மூடிக்கொண்டார். கையை நீட்டி டிக்கெட் கொடுப்பார், கையை நீட்டிக் காசு வாங்குவார், விசில் ஊதுவார். அவ்வளவுதான். வீட்டிலும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். "உடம்பு சரியில்லீங்களா?" என்று செவ்வந்தி கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். பேசிப் பேசியே வாழ்ந்த மனுஷனுக்கு அது ஜெயில்தான்.

டிரைவர் மாயவனிடம் வேறு யோசனை இருந்தது. "எல்லாப் பல்லையும் புடுங்கிட்டு செட்டு கட்டிக்கய்யா. நா கட்டிக்கல?" அவர் செட்டின் லட்சணம் ஊரறிந்தது. கொண்டை ஊசி வளைவில் வண்டி குலுங்கினால் நழுவுகிறதென்று, அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் அவர் மலையேறுவார்.

ராஜாங்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த பல் டாக்டரிடம் போனார். டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ரத்தம் வருதுன்னு பிரஷ்ஷ விட்டு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார். ராஜாங்கம் அசந்துபோனார். விரலால் சிவப்புப் பல்பொடியைத் தொட்டு ஒப்புக்குத் தேய்ப்பதை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை.

கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை டாக்டரம்மா பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டார். அது பாட்டுக்கு உள்ளே இறங்கியது.

"ஈறு பல்ல விட்டுப் பிரிஞ்சு பை மாதிரி ஆயிடுச்சு. உள்ள வேர் மேல காரை கட்டியிருக்கு, கிருமி எல்லாம் அதுலதான் குடியிருக்கு, நாத்தமும் அங்கேருந்துதான். அதச் சுரண்டி எடுத்து வேர வழவழன்னு ஆக்கிட்டா ஈறு இறுகிக்கும். கத்தி வைக்க வேணாம். ஆனா பல்லச் சுத்திக் கரைஞ்சுபோன எலும்பு திரும்ப வராது. மிச்சத்தக் காப்பாத்தலாம். தினமும் தேய்க்கறது உங்க வேலை, அது இல்லன்னா என் வேலையும் வீண்."

ஊசி போட்டு முதலில் வலது பக்கத்தை மரக்கவைத்தார். நுனி வளைந்த கருவியை ஈறுக்கு அடியில் இறக்கி, வேரோடு ஒட்டவைத்து, சின்னச் சின்ன இழுப்பாக மேலே இழுத்தார். கரகரவென்ற சத்தம் ராஜாங்கத்துக்கு மண்டைக்குள் கேட்டது. நடுநடுவே மெல்லிய கம்பியால் வேரைத் தடவிப் பார்ப்பார். எங்கே சொரசொரப்பு தட்டுகிறதோ அங்கே மறுபடி சுரண்டல். போகப்போகக் கரகரப்பு அடங்கியது. பஞ்சில் விழுந்து கிடந்த கறுப்புத் துணுக்குகளைப் பார்த்து ராஜாங்கத்துக்கு அருவருப்பாக இருந்தது.

இடது பக்கத்துக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார் டாக்டரம்மா. ராஜாங்கம் போகவில்லை. வலது பக்கத்தில் பல்லுக்குப் பல் சந்து தெரிய ஆரம்பித்திருந்தது. பச்சைத் தண்ணீர் பட்டால் கூசியது. பல்லையே சுரண்டி எடுத்துவிட்டார்கள் என்று பயந்துபோனார்.

"நாந்தான் சொன்னேனே. ஞாயித்துக்கெழம சின்னசேலம் போலாம் வா. செட்டு கட்டற ஆளு எனக்குப் பழக்கம்" என்றார் மாயவன். ராஜாங்கம் சரியென்று தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் நின்று, பிடுங்கப்போகும் பற்களைக் கடைசியாக ஒருமுறை தேய்த்தார். டாக்டரம்மா வாங்கச் சொன்ன பிரஷ். வலது பக்கம் தேய்த்துத் துப்பினார். வெள்ளை நுரை. இடது பக்கம் தேய்த்துத் துப்பினார். சிவப்பு. நம்பிக்கை வராமல் மறுபடி தேய்த்துப் பார்த்தார். அதே வெள்ளை, அதே சிவப்பு. கண்ணாடியை எடுத்து வந்து உதட்டை விலக்கினார். வலது ஈறு வெளிர் நிறத்தில் இறுக்கமாக இருந்தது. இடது ஈறு சிவந்து உப்பிக் கிடந்தது. டாக்டரம்மா சொன்னது, மாயவன் சொன்னது எல்லாம் போகட்டும், இது அவர் வாயே சொல்கிற சாட்சி. ஒரு பக்கம் டிக்கெட் எடுத்தாயிற்று, மறு பக்கம்தான் இன்னும் ஓசியில் வருகிறது.

சின்னசேலம் பஸ் அவர் இல்லாமலே புறப்பட்டது. மறுநாள் டாக்டரம்மா முன்னால் திருடனைப் போல உட்கார்ந்து, வலது பக்கத்துச் சந்தைக் காட்டினார்.

"அந்தச் சந்து முன்னாடியே இருந்ததுதான். வீக்கம் மறைச்சுகிட்டு இருந்துது" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டரம்மா இடது பக்கத்தைத் தொடங்கினார். கீழ்வரிசையில் ஒரு பல்லை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. மற்றவை நின்றன. சில வாரம் கழித்துக் கம்பியை விட்டுப் பார்த்தபோது முன்போல உள்ளே இறங்கவில்லை.

அப்படியும் ராஜாங்கம் பேசவில்லை. தன் வாய் தனக்கே தெரியாமல் நாறியதல்லவா. இப்போது நாறவில்லை என்று எப்படி நம்புவது? யாரிடமாவது கேட்டால்தான் உண்டு.

ஒருநாள் சாயங்காலம் செவ்வந்தி களி கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. என் வாயி இன்னும் நாறுதா?"

செவ்வந்தி அவர் முகத்தருகே முகத்தைக் கொண்டுவந்து நிதானமாக முகர்ந்தாள். "இல்லீங்க."

"முன்ன?"

"நம்ம பையன பள்ளிக்கூடத்துல சேத்ததுலேருந்து நாறிச்சு."

பையன் இப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். ராஜாங்கம் ஆடிப்போனார். "அடிப்பாவி! ஊரே மூஞ்சத் திருப்பிகினு போச்சு. பொண்டாட்டி நீ ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே வாய மூடிகினு இருந்திருப்பீங்க. இப்ப ரெண்டு மூணு மாசமா இருந்தீங்களே, அப்பிடி." அவள் களியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாத்தத்தோட இருந்துட்டேங்க. நீங்க பேசாம இருக்கறதத்தான் தாங்க முடியல."

பொன்னாயி சொன்னபோது வராத அழுகை ராஜாங்கத்துக்கு இப்போது வந்தது. அடுப்புப் புகை என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

செவ்வந்தி சட்டியை இறக்கி வைத்தாள். "பஸ்ல இன்னிக்கி இன்னா நடந்துச்சு? சொல்லுங்க" என்றாள்.