கவ்பாய் தொப்பிகளுக்கு நடுவே ஒரு பொன்னாடை

எங்கள் மச்சாளுக்குக் கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது ஒரே ஒரு கசெட்டால். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. கல்யாணம் கட்டாதவர், லண்டன் மோர்டனில் எங்களோடுதான் இருந்தார், ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அமெரிக்காவில் ஏற்கனவே பேர்போன ஒரு பாடகி புதிதாக ஓர் ஆல்பம் போட்டு, அது லண்டன் கடைகளிலும் வாசலிலேயே அடுக்கி வைக்கிற அளவுக்கு ஓடியது. அட்டையில் கோபுரம் போல் எழும்பிய பொன்நிறத் தலைமுடி, குஞ்சம் தொங்கும் வெள்ளைச் சட்டை, கையில் கிட்டார். லாண்டரி ரேடியோவில் கேட்டுவிட்டு மச்சாள் அந்தக் கிழமையே ஒன்று வாங்கி வந்துவிட்டார்.

பிறகு வீட்டில் வேறு பாட்டுக்கு இடமில்லை. அமெரிக்க இழுவையில் பாதிச் சொல் அவருக்கு விளங்காது, எனக்கு முக்கால்வாசி விளங்காது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு முடிகிற இடத்தில் பாடகி தன்னை மறந்து சிரிப்பார். மூக்கில் தொடங்கித் தொண்டையில் இடறுகிற சிரிப்பு. பதிவு செய்தவர்கள் அதை வெட்டாமல் விட்டிருந்தார்கள். மச்சாள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டு, தானும் சிரிப்பார். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாத பிறவி நான். நானும் சேர்ந்தால் கணவர் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விடுவார்.

அந்தப் பாடகி லண்டனுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் சனிக்கிழமைப் பின்னேரக் கச்சேரிக்கு மச்சாள் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். போகிற அன்று அவருடைய கைப்பையை எட்டிப் பார்த்தேன். மேலே மட்டன் ரோல்ஸ் பெட்டி. கீழே, கசங்காமல் மடித்து, சரிகைக் கரை போட்ட அரக்குப் பொன்னாடை.

கணவரும் பார்த்துவிட்டார். "அக்கா, உது எங்கட கலைவிழா இல்லை. உங்களை மேடைப் பக்கமே விடமாட்டாங்கள்."

"எங்கட கலைவிழாவில மட்டும் விட்டவங்களே?" என்றார் மச்சாள்.

கணவர் பத்திரிகையை எடுத்துக்கொண்டார். மச்சாள் எதைச் சொன்னார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நாங்கள் நடத்தும் ஒவ்வொரு விழாவுக்கும் வடை சுடுவது மச்சாள். பொன்னாடை வாங்குவது மச்சாள், மடித்துத் தட்டில் வைத்து மேடைப்படிவரை கொண்டுபோவதும் மச்சாள். படியில் யாராவது ஒரு பிரமுகர் தட்டை வாங்கிக்கொண்டு ஏறிவிடுவார். போர்த்துவது அவர், படத்தில் நிற்பதும் அவர். மச்சாள் தேத்தண்ணி பார்க்கத் திரும்பிவிடுவார். இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் அவரை மேலே கூப்பிடத் தோன்றவில்லை, வெட்கக்கேடு, எனக்கும்தான் தோன்றவில்லை.

"இண்டைக்கு நான்தான் போத்துவன்," என்று சொல்லிப் பையை மூடினார்.

கச்சேரி மண்டபத்தில் எங்கு பார்த்தாலும் கவ்பாய் தொப்பி. குரொய்டன், ரூட்டிங் என்று எங்கள் அக்கம்பக்கத்திலேயே பிறந்த வெள்ளைக்காரர்கள் மாட்டுத்தோல் பூட்ஸ் போட்டுக்கொண்டு, இப்போதுதான் குதிரையைக் கட்டிவிட்டு வந்தவர்கள் போல நடந்தார்கள். நடுவே காஞ்சிபுரம் சேலையில் நாங்கள் இரண்டு பேர். எனக்கு வாசலிலேயே சிரிப்புத் தொடங்கிவிட்டது. முன்வரிசைத் தொப்பிக்காரரிடம், தொப்பி மறைக்கிறது என்று மச்சாள் பணிவாகச் சொல்ல, அவர் கழற்றி மடியில் வைத்தார். அதற்கு நன்றியாக ஒரு ரோல்ஸ் கொடுத்தார் மச்சாள். இடைவேளைக்குள் அந்த மனிதர் பெட்டியில் பாதியை முடித்துவிட்டார்.

பாடகி பாடினார். மச்சாள் எல்லாப் பாட்டுக்கும் தாளம் போட்டார், அதுவும் தொடையில் தட்டி, விரல் மடக்கி, முறையாக. கடைசிப் பாட்டு முடிந்து, கைதட்டி, விளக்குகள் எரிந்து, சனம் எழும்பியது. நானும் எழும்பினேன். மச்சாள் என் கையைப் பிடித்து இருத்தினார்.

"இரு பிள்ளை. இன்னும் நன்றியுரை முடியேல்லை."

எங்கள் விழாக்களிலும் நன்றியுரை என்றால் ஆட்கள் எழும்பி ஓடுவார்கள். அதனால் சனம் கலைவது மச்சாளுக்குப் புதினமாகவே படவில்லை. மண்டபம் காலியானது. டோர்ச் லைட்டோடு வந்த பணிப்பெண் எல்லாம் முடிந்துவிட்டது என்றார். மச்சாள் தன் நல்ல ஆங்கிலத்தில், இன்னும் ஒருவரும் நன்றி சொல்லவில்லையே என்றார். யார் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்க, நாங்கள்தான் என்று சொல்லிப் பொன்னாடையை வெளியே எடுத்தார். அந்தப் பெண் எங்களையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய், மேடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த டிரம்ஸ்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் திரைக்குப் பின்னால் போனார்.

கொஞ்ச நேரத்தில் அவரோடு ஒரு சின்ன உருவ மனுசி மேடைக்கு வந்தார். கழுத்தில் துவாய், காலில் ரப்பர் செருப்பு, தலையில் ஒட்ட வெட்டிய நரைமுடி. உடுப்பு மாற்றிவிடுகிறவர் என்றுதான் நானும் நினைத்தேன். மச்சாள் அவரிடம், தயவுசெய்து உங்கள் மேடத்தை வரச் சொல்லுங்கள், ஆறுதலாக வரட்டும், நாங்கள் இருக்கிறோம் என்றார்.

அந்த மனுசி சிரித்தார். மூக்கில் தொடங்கித் தொண்டையில் இடறிய சிரிப்பு.

அந்தப் பொன்நிறக் கோபுரம் வெறும் டோப்பா என்று அப்போதுதான் விளங்கி, மச்சாள் எழும்பி நின்றார். பாடகி கையை நீட்டி மேலே வரச் சொன்னார். பக்கத்துப் படியடிக்குப் போன மச்சாள், ஏறாமல் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல் யாராவது வந்து கையிலிருப்பதை வாங்குவார்கள் என்று பார்த்த பார்வை அது. ஒருவரும் வரவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

துவாய்க்கு மேலேயே பொன்னாடையைப் போர்த்தினார். கண்ணாடி முன் பாடமாக்கிய ஆங்கிலம் முழுதும் பறந்துவிட்டது போல. வெறும் கதிரைகளைப் பார்த்து, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கினார். கதிரையில் இருந்த ஒரே தாய்மார் நான்தான். சிரிப்பில் வயிறு நோக, கண்ணீரும் வந்தது. மச்சாள் நிறுத்தவில்லை. லாண்டரிச் சூட்டில் இந்தக் குரல் எப்படித் துணையாக இருந்தது என்று தமிழில் சொல்லிக்கொண்டே போனார். பாடகி ஒரு சொல்லும் விளங்காமல், ஒரு சொல்லையும் விடாமல் கேட்டார். முடிந்ததும் நானும் பணிப்பெண்ணும் டிரம்ஸ்காரரும் கைதட்டினோம். பாடகி எங்களைவிடக் கூடுதலாகத் தட்டினார்.

வெளியே வெயில் இன்னும் போகவில்லை. ரயிலில் "உங்கள் மேடத்தை வரச் சொல்லுங்கள்" என்று நான் சொல்லிக் காட்ட, மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தார். சுற்றியிருந்தவர்கள் எழும்பித் தள்ளிப் போனார்கள். சிரித்துக் களைத்தபின் மச்சாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளை, நான் மேடையில நிண்டது கீழ இருந்து வடிவாத் தெரிஞ்சதே?"

"ஓம் மச்சாள். வடிவாத் தெரிஞ்சது."

வெறும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மோர்டன் வரும்வரை ஜன்னல் கண்ணாடியில் தன்னையே பார்த்தபடி வந்தார்.