வெட்டிய ஆறு வரிகள்

பிளேக் வந்த வருடம் தேம்ஸ் கரையில் அவர்கள் தெருவில் பதினோரு வீடுகளை, ஆட்களை உள்ளே வைத்து, வெளியிலிருந்து பூட்டினார்கள். அவற்றில் ஒன்றிலிருந்து ஜெர்வாஸ் உயிரோடு வெளியே வந்தான். படகோட்டி மகன் என்று மூன்று நாடகக் குழுக்கள் வாசலோடு அனுப்பிவிட்டன. நான்காவது குழுவில் மேடைத் தரையில் கோரைப்புல் பரப்பும் வேலையைப் பிடித்தான். பல்கலைக்கழகம் போய்வந்தவர்களின் நாடகங்கள் இரண்டே நாளில் மூட்டை கட்டின. அவன் செய்த நாடகம் ஒன்பது முறை ஓடியது. ஓர் எழுத்துகூட எழுதத் தெரியாமல் இத்தனையும் செய்தான்.

இந்தப் பட்டியலை அவன் அக்கா பார்னெல் யாரிடம் சொன்னாலும் வரிசை மாறாது.

அவர்கள் பள்ளியில் முதலில் வாசிக்கத்தான் சொல்லித் தருவார்கள். எழுதும் இறகைக் கையில் கொடுப்பது பிறகு, அதுவும் தனிக் கட்டணத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் அப்பா ஆற்றோடு போய்விட்டார். அதனால் ஜெர்வாஸ் அச்சடித்த எதையும் வாசிப்பான்; கையெழுத்து கேட்டால் ஒரு சின்னப் படகு வரைவான். அவன் அறைக்குள் நடந்துகொண்டே வரிகளைச் சொல்ல, பார்னெல் எழுதுவாள். நகலெழுத்தராக இருந்த கணவன் செத்த பிறகு அந்தத் தொழிலை அவள்தான் நடத்தினாள். அவள் தாளில் மை சிந்தி யாரும் பார்த்ததில்லை.

நாடகத்துக்கு முழுப்பிரதி ஒன்றுதான். அதை அரசாங்க அதிகாரி வாசித்து அனுமதிக்க வேண்டும். நடிகர்களுக்கு ஆளுக்கொரு காகிதச் சுருள். அதில் அவரவர் வசனமும், அதற்கு முன்னால் காதில் விழவேண்டிய இரண்டு மூன்று சொற்களும் மட்டும் இருக்கும்.

ரொட்டி வாரத்துக்கு வாரம் சிறுத்துக்கொண்டே வந்த அந்த வருடம், ஜெர்வாஸ் ஒரு ரொட்டிக் கடைக்காரனைப் பற்றி நாடகம் செய்தான். அனுமதி வரத் தாமதமானது. நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று பார்னெல் சுருள்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டாள். பிரதி திரும்பி வந்தபோது ஆறு வரிகளின் மேல் கோடு. சுருள்களை வாங்கி, கத்தியால் அந்த வரிகளைச் சுரண்டினாள். கடைக்காரனாக நடித்த கிரவுச் மட்டும் மனப்பாடம் செய்யச் சுருளை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். அவனிடம் நாளை வாங்கலாம் என்று நினைத்தாள். அந்த நாளை அவள் மறந்துபோனாள்.

வியாழக்கிழமை கூட்டத்தின் நடுவே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிரவுச் மேடை முனைக்கு வந்தான்.

"பசிச்சவனைத் தடுக்க வாசல்ல காவல்காரனை நிறுத்தறாங்க. அந்தக் காவல்காரனுக்கும் பசிச்சா, அவன் எந்தப் பக்கம் நிப்பான்?"

கூட்டம் கூரை அதிரக் கத்தியது. வெட்டிய வரிகள் அவை என்று பார்னெலுக்குத் தெரிந்தது; கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினாள்.

ஆட்டம் முடிவதற்குள் அதிகாரியின் ஆள் வந்துவிட்டான். சனிக்கிழமை காலை நாடகத்தை எழுதியவன் அதிகாரி முன் நிற்க வேண்டும். போன வருடம் இப்படிப் போன ஒருவன் சிறைக் காய்ச்சலில் செத்துத்தான் வெளியே வந்தான்.

"என் மேல பாயாதீங்க," என்றான் கிரவுச். "சுருள்ல இருந்ததைச் சொன்னேன். எழுதின மகராசியைக் கேளுங்க."

"வாயை மூடுய்யா. அக்காவைச் சொன்னே, அடுத்த நாடகத்துல உன்னைக் கழுதையாக்கிடுவேன்," என்றான் ஜெர்வாஸ்.

"இப்ப மட்டும் நான் என்னவாம்?" என்றான் கிரவுச்.

வெள்ளிக்கிழமை முழுவதும் பார்னெல் தம்பி கையில் இறகைத் திணித்து, பெயர் எழுத உட்கார வைத்தாள்.

"இப்ப எதுக்குக்கா இது? படகு போட்டா போதாதா?"

"போதாதுடா. முழுப்பிரதி என் கையெழுத்துல இருக்கு. நீ படகு வரைஞ்சா, வேற எவனோ எழுதிட்டு உன்னை முன்னால தள்ளிட்டான்னு நெனைப்பாங்க. அவன் பேரைச் சொல்ற வரைக்கும் உள்ளே வெச்சிருப்பாங்க. ஒழுங்கா எழுது."

கோணலான கோடுகளில் ஒரு தாள் தீர்ந்தது. பெயரின் நடு எழுத்து மட்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை. அந்த ராத்திரி பார்னெல் தூங்கவில்லை.

அதிகாரி பிரதியைப் புரட்டினார். "இது யார் கை?"

"என்னோடதுங்க ஐயா," என்றாள் பார்னெல். "ஒரு சுருளைத் திருத்தாம விட்டது நான். தப்பு என்னோடது. இவனை விட்டுடுங்க."

"உன் தப்பு இருக்கட்டும்மா. இதைச் சொன்னது யாரு? ஏம்ப்பா, உனக்கு எழுத வராதாமே? எழுத வராதவன் நாடகம் செஞ்சான்னு நான் நம்பணுமா? எந்தப் படிச்ச பிள்ளை உன் பின்னால ஒளிஞ்சிருக்கான்?"

"யாருமில்லைங்க ஐயா," என்றான் ஜெர்வாஸ்.

"சரி. நான் வெட்டின இடம் ஓட்டையாக் கிடக்கு. நாளைக்கே மேடைக்குப் போற மாதிரி ஆறு வரி சொல்லு. இங்கேயே. இப்பவே."

ஜெர்வாஸ் ஓர் அடி எடுத்து வைத்தான்; காவலர் தோளைப் பிடித்து நிறுத்தினார். எழுத்தர் இறகை மையில் தோய்த்துவிட்டுக் காத்திருந்தார். தம்பி ஓரிடத்தில் நின்று யோசித்து பார்னெல் ஒரு நாளும் பார்த்ததில்லை. நடந்தால்தான் வரி வரும். இங்கே இரண்டு பக்கமும் காவலர்கள்.

"ஐயா, அவனை நடக்க விடுங்க," என்றாள்.

அதிகாரி கையசைத்தார். ஜெர்வாஸ் ஜன்னல் வரை போனான், திரும்பினான், மறுபடி போனான். மூன்றாவது நடையில் உதடு அசைந்தது.

"மாவு குறைஞ்சா தண்ணியை ஊத்தறேன், தண்ணி கூடினா காத்தை அடைக்கறேன். என் ரொட்டியை வாங்கினவங்க கெட்டியாப் பிடிச்சுக்கங்க, கையை விட்டா பறந்துடும்..."

எழுத்தர் இரண்டாவது வரியில் சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக்கினார். ஆறாவது வரி முடிந்ததும் அதிகாரி ஒரு தாளை முன்னே நகர்த்தினார். வெட்டிய வரிகளை இனி எந்த மேடையிலும் பேச விடமாட்டேன் என்ற உறுதிமொழி அது.

"படகெல்லாம் வேண்டாம். பேரை எழுது."

பார்னெல் அவன் விரல்களையே பார்த்தாள். நடு எழுத்தில் இறகு நின்றது. ஒரு சொட்டு மை தாளில் விழுந்து பரவியது. பிறகு இறகு நகர்ந்தது. கடைசி எழுத்து வரை போய் நின்றது. அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு, இருவரையும் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அந்தத் தாளில் மை சிந்தியிருப்பதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. பட்டியலின் முடிவில், அவன் பெயர் எழுதிய தேதியை மட்டும் சேர்த்துச் சொல்வாள்: 1596, அக்டோபர் 9, சனிக்கிழமை.