மகாபலிபுரம் போக அனுமதி வாங்கிய கதை

அறுபதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம் எங்கள் தெருவுக்குள் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை வாங்க வெளியூர்க்காரர்கள் வருவது புதிதல்ல. ஆனாலும் தெருவுக்குள் கார் நுழைந்தால் தறிச் சத்தம் வீடு வீடாக நின்றுபோகும். எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். காரில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, வாசலில் நின்ற எதிர்வீட்டு அக்காவிடம், "மகாபலிபுரத்துக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டாள்.

தெரியாது என்று அக்கா எதற்கும் சொன்னதில்லை. கையை நீட்டி, "இப்படியே நேரா ஓரிக்கை போயிடுங்கம்மா. அங்கேருந்து ஒரே ரோடு, வளைவே கிடையாது" என்றாள்.

கார் போயிற்று. கொஞ்ச நேரத்தில் சக்கரமெல்லாம் மணலாகத் திரும்பி வந்தது. பாலாற்றங்கரை வரை போய், மணலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த அம்மாளுக்குக் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க மகாபலிபுரம் பார்த்ததே இல்லையா? இவ்வளவு கிட்ட இருந்துக்கிட்டு?"

கார் வாலாஜாபாத் சாலையைத் தேடிக்கொண்டு போய்விட்டது. அக்காவுக்குத்தான் அந்தச் சிரிப்பு போகவில்லை. மறுநாள் எங்கள் வீட்டு நடையில் தார் சுற்ற உட்கார்ந்தபோதும் அதே பேச்சு. தறிக்கு வேண்டிய பட்டு நூலை ராட்டையில் சின்னக் குழல்களில் சுற்றும் வேலை அது. மத்தியான வேளையில் மூன்று பேர் சேர்ந்து செய்வோம். நான் கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எதிர்வீட்டு அக்கா எனக்கு முன்பே வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதனால் எல்லாவற்றிலும் மூத்தவள். மூன்றாவது ஆள் கோடி வீட்டுத் தெலுங்குக்காரப் பெண். தெருவே அவளை வதினா என்று, தெலுங்கில் அண்ணி என்று, கூப்பிடும். பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டு பேசுவாள்.

"எங்கெங்கேருந்தோ வந்து பார்த்துட்டுப் போறான். நாம பார்க்கல. இது நல்லாவா இருக்குது?" என்றாள் அக்கா.

"கடல் கூட நான் பார்த்தது இல்லக்கா" என்றேன். நான் தென்னேரிக்காரி. மழைக்காலத்தில் எங்கள் ஊர் ஏரி நிறைந்து நின்றால், கடல் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்து வளர்ந்தவள்.

"போலாம்" என்றாள் வதினா. அவ்வளவுதான் பேசினாள். முடிவாகிவிட்டது.

ஆம்பிளைகள் இல்லாமல் நாமே போய்வருவது என்று அக்கா சொன்னபோது எனக்கு ராட்டை கை நழுவியது. அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அவர்களைக் கூட்டிப்போனால் பாதி வழியிலேயே பசி வந்துவிடும், மீதி வழியில் தூக்கம் வந்துவிடும், நாம் அவர்களைப் பார்ப்பதா கடலைப் பார்ப்பதா என்று கேட்டாள்.

வதினா அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி அனுமதி வாங்கிவிட்டாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் இரண்டு பேர் பாடுதான் கஷ்டம். அக்காவின் வீட்டுக்காரர், தன் வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பார். அதையே அடுத்த வீட்டில் செய்துவிட்டார்கள் என்றால் உடனே சரி என்பார். என் மாமியார் அப்படியில்லை. யார் என்ன செய்தாலும் அவருக்கு வேண்டாம்தான்.

அக்கா ஒரு யோசனை கண்டுபிடித்தாள். "எங்க வீட்ல நான், 'எதிர்வீட்டு அத்தை சரின்னுட்டாங்க'ன்னு சொல்றேன். நீ உங்க அத்தைகிட்ட, 'எதிர்வீட்டு மாமா சரின்னுட்டாரு'ன்னு சொல்லு. ரெண்டு பேரும் சரின்னுடுவாங்க. அப்பறம் நாம சொன்னது நெசமாயிடும் இல்ல?"

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது, என் மாமியார் யார் சொன்னாலும் மசியாதவர் என்பதே மறந்துபோயிற்று. ஆனால் அக்காவுக்கு எதையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் திருப்தி. வீட்டில் போய், "எதிர்வீட்டு அத்தையே எங்களைக் கூட்டிக்கினு போறாங்க. அவங்க கூப்பிட்டு நான் வரலன்னா மரியாதையா இருக்குமா?" என்று சொல்லியிருக்கிறாள். என் மாமியார் என்றால் அந்த மனிதருக்குக் கொஞ்சம் பயம். உடனே சரி என்றுவிட்டார்.

இது எனக்குத் தெரியாது. நான் என் பங்கைச் சொல்லவே தைரியம் இல்லாமல் திரிந்துகொண்டிருந்தேன். "அத்தை" என்று ஆரம்பிப்பேன். "என்னா?" என்று அவர் திரும்பிப் பார்ப்பார். "ரசத்துக்கு உப்பு போட்டுட்டீங்களா?" என்று முடித்துவிடுவேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ரசத்தைப் பற்றி அவ்வளவு விசாரணை நடந்தது. கடைசியில், "உனக்கு நாக்குல ஏதாவது கோளாறா?" என்று கேட்டுவிட்டார்.

அதற்குள் ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போன இடத்தில் அக்காவின் வீட்டுக்காரர் என் மாமியாரைப் பிடித்துக்கொண்டார். "என்னக்கா, பொம்பளைங்களை எல்லாம் சேர்த்துக்கினு மகாபலிபுரம் கெளம்பறீங்களாமே! நீங்க கூடப் போறீங்கன்னுதான் நான் தைரியமா அனுப்பறேன்" என்று பத்துப் பேர் நடுவில் சொல்லியிருக்கிறார்.

மாமியார் பால் சொம்போடு உள்ளே வந்தார். சொம்பைக் கீழே வைக்கவில்லை.

"நான் மகாபலிபுரம் போறேனாமே. எனக்கே தெரியாம நான் எப்ப கெளம்பினேன்?"

தறிக் குழிக்குள் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நெய்வதை நிறுத்தினார். பக்கத்துத் தறியில் மாமனார் நிறுத்தினார். "அத்தை, அது வந்து..." என்றேன். மேற்கொண்டு ரசம் கூட ஞாபகம் வரவில்லை.

அவர் சொம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: "சொன்னதுதான் சொன்னீங்க, ரெண்டு நாள் முன்னாடி சொல்லக் கூடாதா? பொடவையை எடுத்து வெயில்ல போட்டிருப்பேன் இல்ல?"

பால் சொம்போடு சமையல்கட்டுக்குள் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அவர் வாயை மூடச் சொல்லிக் கையால் ஜாடை காட்டிவிட்டு நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

அன்றிலிருந்து அது எங்கள் பயணம் இல்லை, மாமியாரின் பயணம். எங்கள் மூன்று பேரையும் எதிரே உட்காரவைத்து அமாவாசையன்றுதான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். நெசவுக்காரர்களுக்கு அன்றுதான் தறிக்கு விடுமுறை. வேறு நாளில் போனால் நூல் சுற்ற ஆள் இருக்காது. ஆனால் அமாவாசையன்று முன்னோர்களுக்குப் படைத்து, காக்கைக்குச் சோறு வைக்காமல் வீட்டைவிட்டு யாரும் நகரக் கூடாது என்று சட்டம் போட்டவரும் அவர்தான். மாமனார் அதை மெதுவாக ஞாபகப்படுத்தினார்.

"விடியறதுக்கு முன்னாடி சமைச்சுப் படைச்சுட்டா ஆச்சு. காக்காவுக்கு என்ன, மணியா தெரியும்?"

"அன்னைக்குத் திங்கக்கெழமை. கெழக்கே சூலமாச்சே?"

"ஒரு வாய் தயிர் சாப்பிட்டுட்டுப் போனா சூலம் ஒண்ணும் பண்ணாது."

"அமாவாசைல கடல் பொங்கும்."

"பொங்கட்டும். நான் என்னா உள்ளயா எறங்கப் போறேன்?"

இதே மாமியார், போன வருஷம் நான் என் அண்ணன் குழந்தையின் காதுகுத்துக்குத் தென்னேரி போக இருந்தபோது, பூனை குறுக்கே போனது என்று என்னை அரை நாள் உட்காரவைத்தவர். அன்று எந்தத் தயிரும் கிடைக்கவில்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. வதினா என் காதில், "இப்ப சொல்லாதே" என்று மட்டும் சொன்னாள்.

நாள் நெருங்க நெருங்க ஆண்களுக்கு ஆசை வந்துவிட்டது. முதலில் சிரித்தவர்கள், செங்கல்பட்டில் பஸ் மாற வேண்டுமே, தனியாக எப்படி என்று கவலைப்பட ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டின்போது, "துணைக்கு வேணும்னா நான் வரட்டுமா?" என்று தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"எடமில்லப்பா" என்றார் மாமியார்.

"பஸ்ஸுல போறதுக்கு எடம் இல்லையா?"

"இல்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க ஒரு வாய்த் தண்ணீர் தேவைப்பட்டது.

அமாவாசையன்று இருட்டோடு எழுந்து சமைத்தோம். படையலும் முடிந்தது. மாமியார் வாழை இலைத் துண்டில் சோற்றை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி, "கா... கா..." என்று கூப்பிட்டார். வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு காக்கை கூட வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். எதிர்வீட்டு மாடியிலிருந்து அக்காவும் கூப்பிட்டாள். வதினா பையும் தூக்குமாகக் கீழே தயாராக நின்றாள். "முழிச்சிருக்காதுடி, பாவம்" என்று மாமனார் தூக்கக் கலக்கத்தில் சொன்னதற்கு, "முழிக்கறவனுக்குத்தான் சோறு" என்று பதில் வந்தது. கடைசியில் எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து, ஒரு பருக்கையைக் கொத்தி, எங்களை வெறித்துப் பார்த்துவிட்டுப் போனது. "ஆச்சு, கெளம்பு" என்றார் மாமியார். நான்கு பேரும் ஆளுக்கொரு வாய் தயிர் விழுங்கிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஏறக்குறைய ஓடினோம்.

செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, ஒருவழியாக மகாபலிபுரம் சேர்ந்தோம். யானைகளும் முனிவர்களுமாகச் செதுக்கிய பெரிய பாறையின் முன்னால் அக்கா, எல்லாம் முன்பே தெரிந்தவள் போல விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். மாமியார் அதைக் காதில் வாங்கவில்லை. பாறையின் ஒரு மூலையில் பூனை ஒன்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"இங்க பாரு, உங்க மாமா. கிருத்திகை விரதம்னா இப்படித்தான் நிப்பாரு. ஒரு கண்ணு சமையல்கட்டு மேலயே இருக்கும்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன ஏது என்று வந்து பார்த்தார்கள்.

கடற்கரைக் கோயிலுக்குப் போனபோதுதான் அவர் முகம் மாறியது. வீட்டிலிருந்தே தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் அர்ச்சனைத் தட்டோடு கொண்டுவந்திருந்தார். குருக்களைத் தேடினார். வாசலில் காவலுக்கு இருந்தவர், "இங்க பூஜை கெடையாதும்மா. கற்பூரம் ஏத்தாதீங்க" என்றார்.

"உள்ள சாமி இருக்குது இல்ல?"

"இருக்குது."

"அப்பறம் ஏன் பூஜை இல்ல?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா."

அவர் உள்ளே போய்க் கல்லில் இருந்த சாமியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோயில். வேளை தவறாமல் நைவேத்தியம், மணிச்சத்தம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவருக்கு அது தாங்கவில்லை. "இவ்ளோ பெரிய கோயில் கட்டி பட்டினி போட்டுட்டாங்களே" என்று மெல்லச் சொன்னார். காவல்காரர் அந்தப் பக்கம் திரும்பிய சமயம் பார்த்து, இரண்டு வாழைப்பழத்தைச் சாமி முன்னால் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். காவல்காரர் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கடல். எதிர்க்கரை எங்கே என்று என் கண் தேடியது. இல்லை. அதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாமனார் சொன்னபடி அன்று அலை பெரிதாகத்தான் இருந்தது. இவ்வளவு தூரம் எங்களை நடத்திக்கொண்டு வந்த அக்கா, அலை இரைச்சலைக் கேட்டதும் பின்னாலேயே நின்று, "பையை நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க" என்றாள். வாயே திறக்காத வதினா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று போய், முழங்கால் தண்ணீரில் நின்று, அலை வரும்போதெல்லாம் தெலுங்கில் கத்திச் சிரித்தாள்.

மாமியார் ஈர மணல் வரை வந்தார். உள்ளே இறங்கப் போவதில்லை என்றவர் அல்லவா, அங்கேயே நின்றார். பெரிய அலை ஒன்று வந்து அவர் காலைச் சுற்றிக்கொண்டு, காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போனது. சட்டென்று என் கையைப் பிடித்தார். இரண்டு வருஷத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. விடவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றேன்.

"இன்னும் ரெண்டு அலை வரட்டும்மா" என்றார். எத்தனையோ வந்தன.

வீடு திரும்பியபோது மாமனார் வாசலில் காத்திருந்தார். "எப்படி இருந்தது?" என்றார்.

"உங்களை விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது" என்றார் மாமியார். அவரிடம் மாமியார் இப்படிப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. மாமனாரே கொஞ்சம் பயந்துவிட்டார்.

"எனக்கு எதுக்கு அதெல்லாம்? இந்த வயசுல..."

அவர் வேண்டாம் என்றதை யார் கேட்டார்கள்? இரண்டு அமாவாசை தள்ளி, அவர்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பிப் போனார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் மாமனார் நொண்டிக்கொண்டே வந்து கூடத்தில் உட்கார்ந்தார். வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, உள்ளே கேட்காத குரலில் என்னிடம் சொன்னார்:

"ஒரு கல்லு விடல. எல்லாத்தையும் காட்டி, கதை சொல்லி... அதுல பாதி அங்க இல்லாத கதைம்மா."

காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.