கொலருக்குள்ள கிடந்த லினன்

இங்க வெளிநாட்டில, சென்ட் லோரன்ட் தெருவில, உடுப்புத் திருத்திற கடையொண்டில தைக்கிறன். முதலாளி எங்கட ஆள்தான். அண்ணை எண்டுதான் கூப்பிடுறனான். அந்த மனுசன் செய்த வேலையை நினைச்சால் இப்பவும் பத்திக்கொண்டு வருது.

ஒரு யூதர், மகளின்ர கலியாணத்துக்குப் போடக் கம்பளிக் கோட்டொண்டு கொண்டு வந்தார். கைநீளம் குறைக்க வேணும், கொலருக்கு உள்ளுக்கு வைக்கிற தடிப்புத் துணி நைஞ்சு போச்சு, அதையும் மாத்த வேணும். "லினன் மட்டும் வைக்க வேண்டாம். கம்பளியும் லினனும் ஒரே உடுப்பில சேரக் கூடாது" எண்டார். என்ர வாய் சும்மா இருக்குமே? ஏனெண்டு கேட்டன். வேதத்தில காரணம் இல்லையாம். ஆனால் அவையின்ர பழைய கோவிலில குருமார் கட்டின இடைக்கச்சையில அந்த ரெண்டும் சேர்ந்திருந்ததாம். கடவுளுக்கு முன்னால தொண்டு செய்யேக்க மட்டும்தான் கட்டுவினமாம். அந்த உடுப்பு மேலில இல்லாட்டி குரு குருவே இல்லையாம்.

"நான் அந்தக் குருமாரின்ர வழி. இப்ப கோவிலும் இல்லை, கச்சையும் இல்லை. கடவுளுக்கெண்டு ஒதுக்கினதை நான் சும்மா உடுத்தித் திரியாமல் இருக்கிறது மட்டும்தான் மிச்சம்" எண்டார்.

அண்ணை வெட்டித் தந்த துண்டை வைச்சுத் தைச்சு முடிச்சன். செவ்வாய்க்கிழமை துணி அடுக்கிற தட்டைத் துடைக்கேக்க அந்தத் துணிச்சுருள் கண்ணில பட்டுது. விளிம்பில பிரெஞ்சில எழுதிக் கிடக்கு, லினன் எண்டு.

"அண்ணை, என்ன வேலை பாத்தனீங்கள்! இது லினனெல்லோ!"

"ஓம், மற்றது முடிஞ்சு போச்சு. உள்ளுக்குத்தானே கிடக்கு, ஆர் பிரிச்சுப் பாக்கப் போயினம்? நீர் மாதா கோவிலுக்குப் போற வேதக்காரி, உமக்கேன் யூதற்ர சோலி?"

ஐயோ, எனக்கு வந்த கோவம்! நாங்கள் இறைச்சி தொடாத பெரிய வெள்ளியண்டு, ஆராவது மரக்கறி ரோல்ஸ் எண்டு சொல்லி எனக்கு இறைச்சி ரோல்ஸைத் தந்திட்டு, உள்ளுக்குத்தானே கிடக்கு எண்டால் நான் விடுவனோ? கேட்டன். "வேலை வேணுமெண்டால் வாயை மூடும்" எண்டார். மூடினன். புதன்கிழமை அந்த யூதர் வந்து, கோட்டைப் போட்டுக் கைநீளம் பாத்திட்டுப் போனார். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு கைவிளிம்பில ஊசி குத்தினன்.

வியாழக்கிழமை கோட்டை எடுக்க வந்து, கண்ணாடிக்கு முன்னால போட்டுப் பாத்தார். ஞாயிற்றுக்கிழமை கலியாணம். "நீங்கள் சொன்ன மாதிரியே செய்திருக்கு" எண்டு அண்ணை கூசாமல் சொன்னார். இனிப் பொறுக்கேலாது. வேலை போனால் போகட்டும்!

"இல்லை சேர், கொலருக்குள்ள லினன் கிடக்கு."

கடையில அஞ்சாறு பேர் நிண்டவை. மனுசன் ஒருத்தரையும் பாக்கேல்லை, அந்த இடத்திலயே கோட்டைக் கழட்டிப்போட்டார். அண்ணை என்னைத் திட்டத் தொடங்கினார். நானும் விடேல்லை, கள்ள வேலை, வெக்கம் கெட்ட வேலை எண்டு வாயில வந்ததெல்லாம் சொன்னன். உண்மை சொன்ன ஆள் நான்தானே எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டுதான் கத்தினன்.

அவர் அண்ணையோட ஒண்டும் கதைக்கேல்லை. என்னைத்தான் பாத்தார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"புதன்கிழமை எனக்கு இதைப் போட்டுவிட்டது நீங்கள்தான்" எண்டார்.