பெரார்கஞ்சில் என் பாதிக் குதிரை

சொந்தக் குதிரை இல்லாதவர்களும் சவாரி பழகலாம் என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. படித்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி, இதில் விளம்பரம் போட்டவனுக்கு என்ன லாபம் என்பதுதான். அந்தமானில் வெங்காயம்கூடக் கப்பல் ஏறித்தான் வருகிறது. கப்பல் கூலி கொடுத்தவன் எதையும் சும்மா தரமாட்டான். குதிரையை மட்டும் தருவானா?

ஆனாலும் போனேன். மறைப்பானேன், எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த ஆசை. சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயிலில் மண்குதிரை மேல் ஏறி உட்கார்ந்து பூசாரியிடம் அடி வாங்கியவள் நான்.

"அம்பது வயசுல குதிரையா? கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்ச கதையா ஆயிரும், பாத்துக்க" என்றார் வீட்டுக்காரர்.

பெரார்கஞ்சில் வயல் தாண்டி ஒரு பாக்குத்தோப்பு. அதற்குள் தகரக் கொட்டகை, இரண்டு குதிரைகள். நடத்துபவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நிக்கோபார் பக்கம் கேம்பல் பேயில் குடியேறிய பஞ்சாபிக் குடும்பத்துக்காரர். ஒரு குதிரையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு, புதன்கிழமை ஒரு தெலுங்கு வாத்தியாருக்கு. அவரவர் நாளில் குதிரையைக் குளிப்பாட்டி, தேய்த்து, சாணம் அள்ளி, கொள்ளு வைத்து, பிறகு சவாரி. மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுத்தால் போதுமாம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் அந்தப் பெண் குதிரையின் பல்லைப் பார்த்தேன், நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தேன். கோளாறு ஒன்றும் தெரியவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது.

"தீதி, கரீத்னா தோடே ஹை" என்று சிரித்தார் அவர். விலைக்கா வாங்கப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்ட மாதிரி இருந்தது. இது எங்கள் ஊர் வாரம். மாடு வாங்க வசதியில்லாதவர் இன்னொருவர் மாட்டை வாரத்துக்குப் பிடித்து வளர்ப்பார். பால் வளர்த்தவருக்கு, கன்று ஆளுக்குப் பாதி. வளர்த்தவரைக் கேட்காமல் சொந்தக்காரரே ஆனாலும் மாட்டை அவிழ்க்கமாட்டார். குட்டி போட்டால் யாருக்கு என்று இந்தியில் கேட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்பது என் குதிரைக்கு நூற்றுக்கு நூறு பொருந்தியது. ஆனால் என் காலடி கேட்டாலே கழுத்தை நீட்டும். மழைக்காலம் முடிவதற்குள் வயல் ஓரமாக மெல்ல ஓட்டவும் பழகிவிட்டேன். அலுவலகத்தில் மற்ற ஆறு நாளும் நான் அந்த ஒரு நாளுக்காகத்தான் போய்வந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு அது களைத்துப்போய் நின்றது. கால் வைக்கும் அங்கவடியின் வாரை யாரோ இறக்கிக் கட்டியிருந்தார்கள், நெட்டையான ஆளுக்குக் கட்டுவதுபோல. வாத்தியார் நெட்டை. பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்று சில வாரம் பொறுத்தேன். கடைசியில் அவரைப் பஸ் ஸ்டாப்பில் வைத்து, சனிக்கிழமையும் குதிரையை எடுக்கிறீர்களா என்று கேட்டேவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "நான் உங்களைத்தான் மேடம் டவுட் பண்ணினேன். புதன்கிழமைகூட அது பயந்து பயந்து நிக்குது."

அடுத்த ஞாயிறு பிடரியைச் சீவும்போது ஜரிகை நூல் ஒன்று சீப்போடு வந்தது. சேணத்துக்கு அடியில் வாடிய ரோஜா இதழ். அன்று வயலில் டிராக்டர் ஒன்று டப்பென்று வெடிச்சத்தம் போட்டது. ஒருநாளும் அப்படிச் செய்யாத குதிரை பக்கவாட்டில் பாய்ந்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தப்பினேன். ஜரிகை, ரோஜா, வெடிக்குப் பயம், மூன்றையும் கூட்டிப் பார்த்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அபர்டீன் பஜாரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காத்து நின்றேன். முகூர்த்த நாள். பேண்டு வாத்தியம் முதலில் வந்தது, பின்னால் ஆட்டம், அதன் பின்னால் தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை. அவன் உட்கார்ந்திருந்தது என் குதிரைமேல். குதிரையின் முகத்தில் மணிச்சரம் தொங்கியது. சரவெடி வெடித்தபோது அதன் கண்ணில் வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் பஞ்சாபிக்காரரைப் பிடித்துக்கொண்டேன். என்னைக் கேட்காமல் எப்படி அனுப்பலாம் என்றேன்.

"ஆப்ஸே க்யோன் பூச்சூன்? கோடி மேரி ஹை." உங்களை ஏன் கேட்க வேண்டும், குதிரை என்னுடையது. அவர் கோபப்படக்கூட இல்லை.

வாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, நீங்கள் இரண்டு பேரும் கொடுப்பது அதன் கொள்ளுக்கே காணாது, கல்யாணக்காரர்கள்தான் அதற்குச் சோறு போடுகிறார்கள், கல்யாணத்தை நிறுத்தினால் அடுத்த கப்பலில் மெயின்லேண்டுக்கு அனுப்பி விற்றுவிடுவேன், நீங்களே சொல்லுங்கள் என்றார்.

நான் அவரை நம்பவில்லை. தீவனக் கடையில் விசாரித்தேன், கால்நடை டாக்டரிடம் விசாரித்தேன், கப்பல் ஏஜெண்டையும் விடவில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், நிம்மதியாகவும் இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவரே கேட்டார். தெரிந்த ஆள் கடிவாளத்தைப் பிடித்தால் குதிரை அடங்கி நடக்கும், ஊர்வலத்துக்கு வருகிறீர்களா? இதற்காகத்தான் என்னைச் சேர்த்தாரோ என்றுகூட நினைத்தேன். வாத்தியாரைக் கேட்டதற்கு முடியாது என்றுவிட்டாராம். நான் போனேன். போகாவிட்டால் குதிரை கப்பலேறிவிடும்.

பஜார் நடுவே கடிவாளத்தைப் பிடித்து நடந்தேன். எங்கள் செக்‌ஷன் ஆட்கள் சிலர் டீக்கடையிலிருந்து எழுந்து நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளைப் பையன் குனிந்து, "ஆன்ட்டி, கிரா தோ நஹீ தேகீ?" என்றான். தள்ளிவிடாது, பேசாமல் வா என்றேன்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் சரவெடியைப் பற்றவைத்தார்கள். குதிரை துள்ளவில்லை. ஓடவும் பார்க்கவில்லை. முகத்தைக் கொண்டுவந்து என் நெஞ்சில் புதைத்துக்கொண்டது. அதன் மூச்சு ரவிக்கையைத் தாண்டிச் சுட்டது. வந்த நாளிலிருந்து நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன், பங்காளியை, பஞ்சாபிக்காரரை, குதிரையின் பல்லைக்கூட. அது என்னை ஒரு தடவையும் சந்தேகப்பட்டதில்லை. அன்றைக்கு அதை அந்த வெடிக்கு நடுவே நடத்திக் கொண்டுவந்தவள் நான்தான்.